கோப்பி இலையும் மலைநாட்டு வரலாறும்

பழந்தமிழர் நிலத்தைப் பற்றி எண்ணியபோது அதனைத் தனியே பிரித்து எண்ணினாரல்லர். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றனர். அந்நிலத்திற்குரிய மரமும் பூவும், விலங்கும் பறவையும், நீரும் உணவும், தொழிலும் கருப்பொருளாயின. அவற்றின் நடுவே வாழும் மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருளாயிற்று. மலைக்கு ஒரு வாழ்வு, காட்டுக்கு ஒரு வாழ்வு, வயலுக்கு ஒரு வாழ்வு, கடற்கரைக்கு ஒரு வாழ்வு என்று அவர்கள் வகுத்த வகுப்பினுள்ளே ஆழ்ந்ததோர் உண்மை பொதிந்து கிடக்கின்றது. மழையும் மண்ணும் மரத்தை ஆக்குகின்றன. மரம் விலங்குக்கு உணவும் உறையுளும் ஆகின்றது. விலங்கு மரத்தின் வித்தைச் சுமந்து சென்று காட்டை வளர்க்கின்றது. காடு மீண்டும் மழைநீரைப் பிடித்து மண்ணைக் காக்கின்றது. இவ்வாறு ஒன்றையொன்று ஆக்கியும் அடக்கியும் நிற்கும் கூட்டு வாழ்வையே இன்றைய உயிரியலார் சூழற்றொகுதி என்று வழங்குகின்றனர்.

வரலாறு கற்கும்போது நாம் இவ்வுண்மையைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அரசர் வந்தனர், படைகள் பொருதன, தேசாதிபதிகள் சட்டம் இயற்றினர் என்று மட்டுமே படிக்கிறோம். காற்றும் புழுவும் எலியும் இலையும் வரலாற்றிலே செய்த வேலையை எவரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை. எமது இலங்கையின் மலைநாட்டிலே கண்ணுக்குப் புலனாகாத சிறு பூஞ்சணம் ஒன்று ஒரு பெருந்தொழிலை அழித்தது. ஒரு வங்கியின் வீழ்ச்சியிலே பங்கு கொண்டது. ஓர் இனத்தாரின் இருப்பிடத்தையே மாற்றியமைத்தது. அவ்வரலாற்றை ஈண்டு சுருக்கமாக நோக்குவோம்.

காடு இருந்த காலம்

இலங்கையின் நடுவே எழுந்து நிற்கும் மலைத்தொகுதி இரு பருவக்காற்றுக்களையும் தடுத்து மழையாக்குகின்றது. தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவுகளை நனைக்கின்றது. வடகீழ்ப் பருவக்காற்றின் மழையை ஊவாப் பக்கத்துச் சரிவுகள் மிகுதியாகப் பெறுகின்றன. ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள முகடுகளில் மழையில்லாத நாளிலும் மூடுபனி தவழும். அங்குள்ள மரங்கள் குட்டையானவை, முறுகிய கிளையுடையவை, பாசியும் சிறு செடிகளும் போர்த்தவை. மூடுபனி அப்பாசியிலும் இலையிலும் படிந்து துளித்துளியாக நிலத்தில் இறங்கும். ஆகவே அக்காடு மழையைப் பெறுவதோடு அமையாது, மேகத்திலிருந்து நீரைக் கறந்தும் கொடுக்கின்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளின் தலையூற்றுக்கள் ஹோர்ட்டன் சமவெளியைச் சூழ்ந்த இத்தகைய காட்டிலேயே பிறக்கின்றன.

இக்காட்டின் அடியிலே சிங்கள மக்கள் நெலு என்று வழங்கும் செடி அடர்ந்து வளர்கின்றது. தமிழகத்து மலைகளிலே வளரும் குறிஞ்சியும் இதுவும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. பல்லாண்டு பூவாது நின்று, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை ஒரு மலைமுழுதும் ஒருசேரப் பூத்து, வித்தை உதிர்த்துவிட்டு மாண்டுபோவது இவற்றுட் பலவற்றின் இயல்பு. நெலு பூத்தால் மலையெங்கும் தேனீ மொய்க்கும். வித்து முற்றினால் காட்டுக்கோழிகள் கூட்டங்கூட்டமாக வந்து சேரும். வேர்களிடையே கூடு கட்டி வாழும் காட்டெலிகள் அவ்வித்தை உண்டு பெருகும். உண்போர் அனைவரும் வயிறார உண்ட பின்னரும் மண்ணில் வித்து எஞ்சிக் கிடக்க வேண்டுமானால் எல்லாச் செடியும் ஒரே காலத்திற் காய்ப்பதே வழி. செடியின் பூக்கும் காலத்தை விலங்கின் பசியும், விலங்கின் பெருக்கத்தைச் செடியின் காய்ப்பும் வரையறுத்த விந்தையை இதனிடத்திலே காண்கிறோம்.

அன்று மலையுச்சி வரை யானையும் உலாவிற்று. யானை தின்ற பழத்தின் கொட்டை அதன் எருவோடு பல மைலுக்கு அப்பால் விழுந்து முளைத்தது. அது நடந்த தடமே காட்டிலே பாதையாயிற்று. மலையை ஏறுதற்குச் சரிவு குறைந்த வழியை யானை எவ்வளவு திறமையாகத் தெரிந்தெடுத்திருக்கிறது என்று சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வந்த ஆங்கிலேயர் வியந்து எழுதியுள்ளனர்.

கோப்பி வந்த வரலாறு

கோப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பிய நாட்டு மலைக்காடு. அங்கே அது பெருமரங்களின் நிழலிலே, பல்வகைச் செடிகளின் நடுவே வாழும் சிறு மரம். ஆங்கிலேயர் வருமுன்னரே அது இலங்கைக்கு வந்துவிட்டது. கண்டி நாட்டுச் சிங்கள மக்கள் அதனை வீட்டுத் தோட்டத்தில் வைத்திருந்தனர். அதன் வெண்பூவைக் கோவில்களுக்கு எடுத்துச் சென்றனர். ஒல்லாந்தர் தாழ்நிலத்திலே பயிரிட்டுப் பார்த்தும் பெரும்பயன் காணவில்லை.

1815ஆம் ஆண்டிற் கண்டியரசு வீழ்ந்தது. 1820ஆம் ஆண்டுகளிலே கொழும்பிலிருந்து கண்டிக்குப் பாதை போடப்பட்டது. யோர்ச் பேர்ட் என்பவர் கம்பளைக்கு அண்மையிலும், தேசாதிபதி எட்வேட் பார்ன்சு கன்னொருவையிலும் கோப்பித் தோட்டங்களைத் தொடங்கினர். மேற்கிந்தியத் தீவுகளிலே அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின் அங்கே கோப்பி விளைவு குன்றியது. இங்கிலாந்துச் சந்தை இலங்கையை நோக்கிற்று. 1840ஆம் ஆண்டு 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை காட்டமுடியாத காட்டு நிலத்தையும் தரிசையும் முடிக்குரியதாகக் கருதிற்று. கிராமத்தார் தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிருக்கும் மாடு மேய்ப்பதற்கும் விறகுக்கும் பயன்படுத்திய காடு, ஏக்கர் ஐந்து சில்லிங்காகத் துரைமாருக்கு விற்கப்பட்டது.

காடு அழிக்கப்பட்ட முறையை இன்று எண்ணினாலும் நெஞ்சு திடுக்கிடும். சரிவின் அடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மரத்தையும் பாதியளவு வெட்டி நிறுத்திக்கொண்டே மேலேறுவர். உச்சியிலுள்ள மரங்களை முற்றாக வெட்டி வீழ்த்தியதும், அவை கீழுள்ளவற்றின் மேற் சாய, மலைச்சரிவு முழுவதும் இடியொலியோடு ஒருசேரச் சரியும். சில கிழமை வெயிலிற் காய்ந்தபின் தீ வைப்பர். அந்தச் சாம்பலிலே வரிசை வரிசையாகக் கோப்பிக் கன்று நாட்டப்படும். புல் ஒன்றும் முளையாதபடி களை பிடுங்கப்படும். இலைப்போர்வையும் வேர்ப்பிடிப்பும் இழந்த மண்ணை அடுத்த பருவமழை ஆற்றுக்குக் கொண்டு சென்றது.

இவ்வேலைகளிற் பெரும்பகுதியைச் செய்தவர் எம்மவரே. இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பகுதிகளிற் பஞ்சமும் கடனும் துரத்தக் கங்காணிமாருடன் புறப்பட்ட ஏழைத் தமிழர், தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து நூறு மைலுக்கு மேற்பட்ட வரண்ட காட்டினூடே நடந்து மாத்தளையை அடைந்தனர். நீரின்மையும் காய்ச்சலும் வாந்திபேதியும் வழியிலே பல்லாயிரவரைப் பலிகொண்டன. இவ்விடத்தில் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். கோப்பி ஆண்டிற் சில மாதங்களே பழம் தருவது. ஆதலின் அறுவடைக்கு வந்த கூலியாட்களிற் பெரும்பாலார் அது முடிந்ததும் கூலியைப் பெற்றுக்கொண்டு தம் ஊருக்கே மீண்டனர். போவதும் வருவதுமே அவர் வாழ்வாயிருந்தது. ஒரு செடியின் காய்க்கும் காலம் ஒரு மக்கட் கூட்டத்தின் நடையை அவ்வாறு வகுத்திருந்தது.

காட்டின் மறுமொழி

காட்டை வெட்டியவர் காட்டிலிருந்த உயிர்களும் அத்துடன் மறைந்துவிடும் என்று எண்ணினர். அங்ஙனம் நிகழவில்லை. நெலு வித்து அற்றுப்போன ஆண்டுகளிலே உணவின்றித் தவித்த காட்டெலிகள் பெருங்கூட்டமாகக் கோப்பித் தோட்டங்களிற் புகுந்து மொட்டையும் இளங்கிளையையும் கடித்து வீழ்த்தின. ஒரே தோட்டத்தில் ஒருநாளில் ஆயிரம் எலி வரை கொன்ற செய்தியைச் சேர் எமேர்சன் ரெனன்ற் குறித்துள்ளார். 1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்றச் செயலாளராயிருந்தவர் அவர். எலி புதிதாக வந்த பகையன்று. அதன் வீட்டிலேதான் கோப்பி நாட்டப்பட்டிருந்தது.

யானையின் கதி மிகக் கொடியது. பயிருக்குப் பகையென்று கருதி அரசாங்கம் யானையைக் கொல்வோருக்குப் பரிசு கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குட்பட்ட காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகளுக்கும், 1851க்கும் 1856க்கும் இடையில் தென்மாகாணத்தில் 2,000 யானைகளுக்கும் பரிசு வழங்கப்பட்டதாக ரெனன்ற் எழுதியுள்ளார். பதுளையில் அதிகாரியாயிருந்த மேசர் ரோசர்சு என்பவர் தாம் ஒருவரே ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகக் கூறப்படுகின்றது. அவர் 1845இல் அப்புத்தளையிலே மின்னல் தாக்கி இறந்தார். வித்தைச் சுமந்து காட்டை வளர்த்த விலங்கு இவ்வாறு மலையை விட்டு நீங்கிற்று.

செம்மஞ்சட் புள்ளி

1869ஆம் ஆண்டில் ஊவா நாட்டு மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றிலே கோப்பி இலையின் அடிப்புறத்திற் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் காணப்பட்டன. விரலால் தடவினால் மஞ்சட்பொடி போல ஒட்டிக்கொண்டது. பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவரான துவைட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சண ஆராய்ச்சியில் வல்லவரான பேர்க்லி பாதிரியார் அது அறிவியலுலகம் முன்னர் அறியாத ஒரு பூஞ்சணம் என்று கண்டு, அவ்வாண்டிலேயே ஹெமிலியா வஸ்தாத்ரிக்ஸ் என்று பெயரிட்டார். பெயரின் பிற்பகுதி பாழாக்குவது என்னும் பொருளது. அப்பெயர் பொய்க்கவில்லை.

நம் பாடநூல்கள் பங்கசு என்று கூறும் இவ்வுயிர், வித்தி என்னும் நுண்டுகளாற் பரவுகின்றது. வித்தி இலையின் அடியில் விழுந்து, அங்கே நீர்ப்படலம் ஒருநாளளவு காயாதிருந்தால் முளைக்கும். முளை இலைத்துளையினூடே உட்புகுந்து இலையின் சாரத்தை உண்ணும். சில கிழமையிற் புதிய புள்ளி வெளிப்பட்டுப் பல்லாயிரம் வித்திகளைக் காற்றில் விடும். இலை முதிருமுன் உதிரும். செடி தன் சேமிப்பைச் செலவிட்டுப் புதிய இலை விடும். அதுவும் நோயுற்று உதிரும். பட்டுப்போகாவிட்டாலும் காய்க்கும் வலியை இழந்துவிடும்.

ஆரம்பத்தில் துரைமார் இதனைப் பெரிதாகக் கருதவில்லை. மழை மிகுதியென்றனர், மண் மெலிந்ததென்றனர், எருவிட்டால் தீரும் என்றனர். ஐரோப்பாவிலே கோப்பி விலை உயர்ந்திருந்தமையால் டிம்புளை, டிக்கோயா, மஸ்கெலியா ஆகிய உயர்ந்த பகுதிகளிலே இன்னும் காட்டை வெட்டினர். 1878 அளவிற் கோப்பி ஏறத்தாழ 275,000 ஏக்கரை மூடியிருந்தது. நிலம் விரிந்தது, ஆனால் ஏக்கரின் விளைச்சல் பாதியளவுக்குக் குறைந்தது.

1880ஆம் ஆண்டு மார்சல் வார்ட் என்னும் இளம் தாவரவியலார் இந்நோயை ஆராயவென்றே அனுப்பப்பட்டார். ஈராண்டு தங்கி ஆராய்ந்து, பசை பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் வைத்துக் காற்றிலே மிதக்கும் வித்திகளைப் பிடித்துக் காட்டினார். பருவக்காற்று வீசும் திசையிலே நோய் பரவுவதையும், நனைந்த இலையிலேயே வித்தி முளைப்பதையும் நிறுவினார். இடையீடின்றி ஒரே பயிரை மலைமுழுதும் நாட்டியதே பூஞ்சணத்துக்குப் பெருவிருந்தாயிற்று என்பதையும் எடுத்துக் கூறினார். நோய் முற்றிய நிலையில் அதனைத் தீர்க்கும் மருந்தை அவராற் கொடுக்க இயலவில்லை, தோட்டக்காரர் மனங்கசந்தனர். ஆயினும் தாவர நோயாராய்ச்சி வரலாற்றிலே அவர் இலங்கையிற் செய்த வேலை அழியாத இடம் பெற்றுள்ளது.

இந்நோய் இத்துணைப் பெரிதாய் வளர்ந்ததற்குக் காரணம் என்ன? வித்தி ஒன்றினால் மட்டும் இது நேர்ந்ததன்று. மலைச்சரிவுகள் இரு பருவமழையையும் பெற்று ஆண்டின் பெரும்பகுதி ஈரமாயிருந்தன. காற்றைத் தடுத்த பெருமரம் எல்லாம் வெட்டப்பட்டிருந்தது. நாட்டிய கோப்பி முழுவதும் மிகச் சில செடிகளின் வழிவந்த ஒரே இனம். ஒன்றுக்கு வரும் நோய் எல்லாவற்றுக்கும் வரும். தாயகத்திலே பல மரங்களின் நடுவே தனித்தனி நின்ற செடி இங்கே இலையோடு இலை உரச நின்றது. வானிலை, நிலம், பயிர், பூஞ்சணம் ஆகிய நான்கும் ஒன்றுகூடியே அழிவை விளைவித்தன. 1882 அளவில் இளந்தண்டின் சாற்றை உறிஞ்சும் பச்சைப் பூச்சியும் வந்து சேர்ந்தது. அது கசியும் இனிய நீரை நாடிய எறும்புகள் அதனைக் காத்து நின்றன. மெலிந்த செடிக்கு இதுவே இறுதி அடியாயிற்று.

வீழ்ச்சியும் மாற்றமும்

1870இல் ஏறத்தாழப் பத்துக் கோடி இறாத்தலாயிருந்த கோப்பி ஏற்றுமதி 1889இல் ஐம்பது இலட்சம் இறாத்தலாகச் சுருங்கிற்று. தோட்டங்கள் ஏலத்துக்கு வந்தன. பல துரைமார் நாட்டை விட்டு ஏகினர். தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884இற் கதவடைத்தது. கூலி நிலுவையாகக் கிடைக்காமலே தமிழ்த் தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர்.

இத்துன்பம் துரைமாருடனும் தொழிலாளருடனும் நின்றுவிடவில்லை. கண்டி நாட்டுக் கிராமத்தாரும் தம் தோட்டத்துக் கோப்பியை விற்றே கையிற் பணம் கண்டவர். கோப்பி பட்டதும் நெல்வரியைப் பணமாகக் கட்ட அவர்களுக்கு வழியில்லாமற் போயிற்று. 1880ஆம் ஆண்டுகளில் வலப்பனைப் பகுதியிலே வரி கட்டாமைக்காக வயல்கள் விற்கப்பட்டுக் குடியானவர் பலர் நிலமிழந்து பட்டினி கிடந்தனர். அவ்வரி 1890ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேதான் ஒழிக்கப்பட்டது. இலையில் விழுந்த புள்ளி சிங்களக் குடியானவன் வயலையும் தமிழ்த் தொழிலாளியின் கூலியையும் ஒருங்கே பறித்தது.

கோப்பியின் இடத்தை நிரப்பச் சிங்கோனா முயன்றது. 1861இல் ஹக்கலைப் பூந்தோட்டத்திலே தொடங்கிய அப்பயிர் காய்ச்சலுக்கு மருந்தாகும் கொயினாவைத் தந்தது. ஆனால் பலரும் நாட்டியதால் விலை விழுந்து அதுவும் ஒழிந்தது. நிலைத்து நின்றது தேயிலை. லூல்கந்துறைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் அதனை நாட்டியிருந்தார். கோப்பியைத் தின்ற பூஞ்சணம் தேயிலையைத் தீண்டவில்லை. 1875இல் ஆயிரம் ஏக்கரளவாயிருந்த தேயிலை, 1895இல் மூன்று இலட்சம் ஏக்கரைத் தாண்டிற்று.

செடி மாறியதும் மனிதர் வாழ்வும் மாறிற்று. தேயிலை காயைத் தருவதன்று, கொழுந்தைத் தருவது. கொழுந்தை ஏழு பத்து நாளைக்கொருமுறை, ஆண்டு முழுவதும் கிள்ள வேண்டும். அறுவடைக்கு வந்து திரும்பிப் போகிறவன் இத்தொழிலுக்குப் போதான். குடும்பத்தோடு தங்குகிறவரே வேண்டும். பெண்களின் கை வேண்டும். ஆகவே லயன் அறைகள் பெருகின. குழந்தைகள் அங்கே பிறந்தனர். மாரியம்மன் கோவில்கள் எழுந்தன. காவடியும் காமன்கூத்தும் மலையேறின. வந்துபோன கூட்டம் மலையகத் தமிழராக வேரூன்றியது இவ்வாறே.

இதன் பின்விளைவை எம்மூர்ப் பெரியோர் அறிவர். 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களில் ஏழு இலட்சம் பேரளவில் நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிப் பங்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று வகுத்தது. எஞ்சிய 150,000 பேரின் விதி பின்னர் முடிவாயிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டமே நாடற்ற நிலைக்கு முடிவு கட்ட வழிசெய்தது. இவர்களை வந்தேறிகள் என்று வைதவர் பலர். இம்மக்களை இம்மண்ணிலே நிலைபெறச் செய்தவற்றுள் தேயிலைச் செடியின் தேவையும் ஒன்று, அத்தேவையை உண்டாக்கியவற்றுள் ஒரு பூஞ்சணமும் ஒன்று என்பதை அவர்களில் எத்தனைபேர் அறிந்திருந்தனர்? உழைப்பைக் கேட்டுத் தங்க வைத்த மண், தங்கியபின் உரிமையை மறுத்ததே எம் நெஞ்சை வருத்துகின்றது.

குளவி கற்பித்த பாடம்

தேயிலையும் மலைமுழுதும் ஒரே பயிராகவே நாட்டப்பட்டது. அதற்கும் பகை தோன்றிற்று. அவற்றுள் ஒன்று தேயிலை இலைகளை ஒன்றோடொன்று நூலாற் பிணைத்துச் சுருட்டி, உள்ளிருந்து தின்னும் ஒருவகை அந்தின் புழு. 1935, 1936ஆம் ஆண்டுகளிலே யாவாவிலிருந்து ஒரு சிறு குளவியினத்தை அறிஞர் இங்கே கொண்டுவந்து விட்டனர். அக்குளவி புழுவின் உடலிலே முட்டையிடும். அதன் குஞ்சுகள் புழுவை உண்டு வளரும். சில ஆண்டில் அது தோட்டங்களிற் பரவியது. புழுவின் தொல்லை பெரிதும் அடங்கிற்று. மருந்தோ கூலியோ வேண்டாத காவலனாய் அக்குளவி நின்றது.

பின்னர் வேறொரு பகைக்கு மருந்து தேடினர். தேயிலைத் தண்டைத் துளைத்து, அத்துளையினுள்ளே தான் உண்ணும் பூஞ்சணத்தைத் தானே வளர்க்கும் நுண்ணிய வண்டு ஒன்று உண்டு. துளைபட்ட கிளை முறிந்துபோகும். இவ்வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்னும் நஞ்சைத் தெளித்தனர். நஞ்சு குளவியையும் கொன்றது. இலைக்குள்ளே பாதுகாப்பாயிருந்த புழுவோ தப்பியது. காவல் நீங்கியதும் மீண்டும் பெருகிற்று. ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் நெசவு முழுவதும் சுருங்கும் என்பதை இதனிலும் தெளிவாகக் காட்டவல்ல உதாரணம் அரிது. உலகெங்கும் பூச்சியியல் அறிஞர் இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டாகக் கூறுகின்றனர்.

காடும் நீரும் நாமும்

மலைக்காட்டை முற்றாக அழித்தல் தீது என்பதை அக்காலத்திலேயே உணர்ந்தாரும் உளர். 1873இல் பெயர்பெற்ற தாவரவியலாராகிய சேர் யோசேப்பு ஹூக்கர் ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காட்டைப் பேணவேண்டும் என்று ஆலோசனை கூறினார். 1885இற் காட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. எஞ்சிய முகட்டுக் காடுகள் இன்றுவரை நிற்பதற்கு இத்தகைய முயற்சிகளே காரணம். ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசிய வனமாயிற்று. 2010இல் அதனையும், சிவனொளிபாதமலைக் காட்டையும், நக்கிள்ஸ் மலைக்காட்டையும் உலக மரபுரிமையாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. நெலு அங்கே இன்றும் தன் முறைப்படி பூக்கின்றது. மரையும் சிறுத்தையும் உலாவுகின்றன. ஹோர்ட்டன் சமவெளியில் யானை மட்டும் இல்லை. சில தசாப்தங்களாக அம்முகட்டு மரங்கள் நுனியிலிருந்து பட்டுவருவதையும் ஆராய்ச்சியாளர் கவலையோடு கவனித்து வருகின்றனர்.

இது மலையில் வாழ்வோர் கவலை மட்டுமன்று. ஹோர்ட்டன் சமவெளியின் மூடுபனித்துளி மகாவலியாகி, வரண்ட நாட்டு வயல்களுக்கு உயிரூட்டி, திருகோணமலைக் கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலக்கின்றது. மேலே காடு மெலிந்தால் கீழே வயல் வாடும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள், நீடித்த மழையின் பின் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து லயன்களை மண்மூடச் செய்தது. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தும் மக்கள் வேறிடத்திற் குடியமர்த்தப்படவில்லை. மண்ணையும் மழையையும் சரிவையும் எண்ணாது மனிதரைக் குடிவைக்கலாகாது என்பதை நாம் இன்னும் கற்றபாடில்லை.

கோப்பிப் பூஞ்சணமும் ஓய்ந்துவிடவில்லை. 1970இல் அது பிரேசில் நாட்டை அடைந்தது. 2012இல் மத்திய அமெரிக்க நாடுகளின் கோப்பித் தோட்டங்களிலே பெருந்தீங்கு விளைவித்து, உழவர் பலரை வேலையிழக்கச் செய்தது. மடுல்சீமையில் நிகழ்ந்தது உலகின் மறுபுறத்திலே நூற்று நாற்பத்து மூன்று ஆண்டுக்குப் பின்னரும் நிகழ்கின்றது.

எமது இளைஞர் வரலாற்றைப் படிக்கும்போது ஆண்டும் பெயரும் மட்டும் மனனம் செய்யாது, அவ்வாண்டிலே என்ன மழை பெய்தது, எந்தப் பயிர் விளைந்தது, எந்தப் பூச்சி பெருகிற்று, எந்தக் காடு வெட்டப்பட்டது என்றும் வினவிப் பழகுதல் வேண்டும். எமது பெரியோர் தம் ஊர்க் குளம் எப்போது வற்றிற்று, எந்த மரம் அற்றுப்போயிற்று, எந்தப் பறவை வராமற் போயிற்று என்று தாம் கண்டவற்றை இளையோருக்குச் சொல்லி வைத்தல் வேண்டும். அவையும் வரலாற்றுச் சான்றுகளே. தோட்டமாயினும் வயலாயினும், ஒன்றையே நாட்டி மற்றெல்லாவற்றையும் ஒழிக்குமுன், ஒழிக்கப்படுவது யாருக்கு உணவு, யாருக்குக் காவல் என்று ஆராய்தல் கடன். முதலும் கருவும் உரியும் ஒன்றையொன்று தழுவி நிற்பன என்று கண்ட மரபினர் நாம். அக்காட்சியை ஏட்டளவில் நிறுத்தாது, மண்ணிலே கைக்கொண்டு வாழ முற்படுவோமாக.